ஹாப்நாப் செய்த குற்றம்

1

கடல் கடந்து போனவர்கள்தான் வழக்கமாக இப்படி ஊருக்கு எழுதுவார்கள். ரங்கூனிலிருந்து எழுதுவார்கள், பினாங்கிலிருந்து எழுதுவார்கள். நான் கடந்தது கடல் இல்லை. திருச்சியில் ரயிலேறி, வண்டி மாறி மாறி, மைசூரில் வந்து இறங்கியவள். இதையும் வெளிநாடு என்று சொல்லிக்கொண்டு எழுத வந்துவிட்டாளே என்று சிரிக்காதீர்கள். நாங்கள் புறப்பட்டபோது என் பெரியப்பாவே, "மகாராஜா தேசத்துக்கா போறீங்க?" என்றுதான் கேட்டார். சுதந்திரம் வந்துவிட்டது, சமஸ்தானமும் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும். இங்கே வந்து பார்த்தால் பால்காரர் ஒரு பாஷை, ஆபீஸ் ஒரு பாஷை, பக்கத்து வீட்டில் பேசுகிற தமிழ்கூட என் தமிழ் இல்லை. காவிரி ஒன்றுதான் தெரிந்த முகம். அதைப் பார்ப்பதற்கும் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போக வேண்டும்.

இந்தத் தசராவோடு நாங்கள் இங்கே வந்து ஐந்து வருடம் ஆகிறது. யானை ஊர்வலம் போய், தெருவெல்லாம் சாமந்திப் பூவாகக் கிடக்கிறது. ஐந்து வருடத்தில் என்ன கற்றுக்கொண்டாய் என்று யாராவது கேட்டால், ஒரு இங்கிலீஷ் வார்த்தை என்பேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றி இரண்டு வரி. என் பெயர் மட்டுவார்குழலி. மலைக்கோட்டையில் தாயுமானவர் பக்கத்தில் இருக்கும் அம்மன் பெயர். வந்த புதிதில் ரேஷன் கார்டுக்குப் போனபோது குமாஸ்தா என் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டார். பேனாவைக் கீழே வைத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை கேட்டார். பிறகு தானாகவே "குழலம்மா" என்று எழுதிவிட்டு, "சாகு" என்றார். போதும் என்பதற்கு இந்த ஊரில் அதுதான் வார்த்தை. எனக்கு அது தெரியாது. ஒரு பெயருக்காக இவ்வளவு கோபமா என்று புலம்பிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். சர்க்கார் கணக்கில் நான் இன்றைக்கும் குழலம்மாதான்.

எங்கள் மகள் வள்ளிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கன்னடம், தெருவில் கன்னடம், தூக்கத்தில் உளறுவதும் கன்னடம். தமிழில் என்னோடு சண்டை போடத் தொடங்குவாள். கோபம் முற்றினால் பாஷை மாறிவிடும். "நம்ம ஊர் திருச்சிடி" என்று நான் சொன்னால், "அது உங்க ஊரு" என்கிறாள். இதைக் கேட்கும்போது வருகிற எரிச்சல் எனக்கு ஒரு முழு நாளும் தீராது.

உறையூரில் என் அம்மா தனியாக இருக்கிறாள். அப்பா போய்விட்டார், எனக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது, அம்மாவுக்குக் கண் பார்வை வருடா வருடம் மங்கிக்கொண்டு வருகிறது. எப்படியாவது திருச்சிக்கு மாற்றல் வாங்கிவிட வேண்டும் என்பதுதான் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டின் ஒரே பிரார்த்தனை. போன தை மாதம் அது கிட்டத்தட்ட கைகூடி வந்தது. திருச்சி ஆபீசில் ஓர் இடம் காலி. இங்கே இருக்கும் ஆபீசர் சிபாரிசு செய்தால் போதும்.

அந்தச் சமயத்தில்தான் அந்த வார்த்தை வந்து சேர்ந்தது.

2

என் கணவர் வேலை செய்யும் ஆபீசின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இந்தக் காகிதம் அடுப்புக்குப் போய்விடும். அங்கே அவர் தலைமைக் குமாஸ்தா, அவ்வளவு போதும்.

அன்று சாயங்காலம் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார்.

"எனக்கு மெமோ குடுத்திருக்காங்க, குழலி."

"உங்களுக்கா? எதுக்குங்க?"

படித்துக் காட்டினார். கடைநிலைச் சிப்பந்தியான பியூன் மாதப்பாவோடு பொது இடத்தில் அவர் ஹாப்நாப் செய்துவருவது ஆபீசரின் கவனத்துக்கு வந்திருக்கிறதாம். ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் எழுதித் தர வேண்டுமாம்.

"ஹாப்நாப்னா என்னங்க?"

"சரியாத் தெரியலை. எங்கயோ பேப்பர்ல பார்த்த மாதிரி இருக்கு. ஏதோ கேவலமான காரியம்னு மட்டும் புரியுது."

"கேவலமான காரியம் நீங்க என்ன செஞ்சீங்க?"

"அதைத்தான் நானும் யோசிச்சுக்கிட்டே வரேன்."

இவர் ஆபீஸ் இங்கிலீஷில் கெட்டிக்காரர். தங்கள் பணிவுள்ள ஊழியன், மேற்படி விஷயமாக, தக்க நடவடிக்கைக்காக என்று நான்கு பக்கம் நிற்காமல் எழுதுவார். ஆனால் மேற்படி எதிலும் ஹாப்நாப் வருவதில்லை. எனக்கோ, பயம் ஒரு பக்கம் இருக்க, அந்தச் சத்தம் சிரிப்பு மூட்டியது. மூடி போட்ட பாத்திரத்தில் ஏதோ கொதிக்கிற மாதிரி ஒரு வார்த்தை. இதைச் சொன்னால் வேலை போகுமா? வள்ளி அதற்குள் அதைப் பிடித்துக்கொண்டு விட்டாள். ஹாப் என்று ஒரு கட்டத்திலும் நாப் என்று அடுத்த கட்டத்திலும் குதித்துக் கூடம் முழுக்க நொண்டியாடினாள். அப்பா முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினாள்.

3

மாதப்பா யார் என்று சொல்ல வேண்டும்.

குண்டலுபேட்டைப் பக்கத்து ஆள். எல்லைக்கு அந்தப் பக்கம் சந்தைகளுக்கு மாடு ஓட்டிப் போய் வந்ததில் கொஞ்சம் தமிழ் கற்றவர். நாங்கள் வந்த புதிதில், ஆபீசில் இவரோடு முதலில் பேசிய மனிதர் அவர்தான். ஆபீசுக்கு எதிரே ஒரு காப்பி ஹோட்டல் இருக்கிறது. இவர் அங்கே போய் முழு லோட்டா காப்பியைக் குடித்துவிட்டு, இந்த ஊர்க் காப்பியின் கெட்டி தாங்காமல், மதியம் வரை நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். ஒரு நாள் மாதப்பா பக்கத்தில் வந்து, "ஸார், ஃபுல் பேடா. பை-டூ ஹேளோணா" என்றாராம். முழுசு வேண்டாம், பை-டூ சொல்லலாம் என்று அர்த்தம்.

பை-டூ என்பது மைசூர் ராஜ்யத்து வழக்கம். நம் பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. ஒரு காப்பி கேட்பது, அதை இரண்டாகப் பங்கிட்டு இரண்டு பேர் குடிப்பது. ஹோட்டல்காரர் முகம் சுளிக்க மாட்டார். கேட்டவுடனேயே இரண்டு லோட்டாவில் பாதிப் பாதியாகக் கொண்டுவந்து வைப்பார். பெரிய வக்கீல்களும் செய்வார்கள், வண்டிக்காரர்களும் செய்வார்கள். முதலில் கேள்விப்பட்டபோது, இது என்ன கஞ்சத்தனம் என்று நினைத்தேன். அப்புறம்தான் பிடிபட்டது. பை-டூ தனி ஆளாகச் சொல்ல முடியாது. இன்னொருவர் வந்தே ஆக வேண்டும்.

அன்றிலிருந்து தினமும் காலையில் இவரும் மாதப்பாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பை-டூ. ஒரு நாள் இவர் காசு, மறுநாள் அவர் காசு. மாதப்பாவின் பசு கன்று போட்டது, அவரைக்காய் விலை ஏறியது, எங்கள் வள்ளிக்கு அம்மை போட்டது எல்லாம் அந்தப் பெஞ்சில்தான் பேசித் தீர்ந்தது. இவர் பேசுகிற கன்னடம் முழுவதும் அந்தப் பாதி லோட்டாவில் வந்ததுதான்.

புது ஆபீசர் வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன். தமிழர், மதராஸ்காரர், சீமையில் படித்தவர். நம் மனிதர் வருகிறார், திருச்சி மாற்றல் இனி நிச்சயம் என்று சாமிக்குத் தேங்காய்கூட உடைத்தேன். அவர் கண்ணில்தான் அந்தப் பெஞ்சு பட்டிருக்கிறது.

4

பக்கத்து வீட்டு ரங்கம்மாவிடம் பெரிய அகராதி உண்டு. மேல்கோட்டைப் பூர்வீகம், வைஷ்ணவ வீடு; பல தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிறார்கள். என் வயதுதான். இண்டர்மீடியட் பாஸ் செய்தவள். கல்யாணத்துக்கு அவளுடைய மாமா கொடுத்த பரிசு அந்த அகராதி. வெள்ளிப் பாத்திரம் வரும் என்று காத்திருந்ததாகவும், அதைத் தூக்கும்போதெல்லாம் மாமாவை மனத்துக்குள் திட்டுவதாகவும் சொல்வாள்.

மதியம் வேலை முடிந்து போனேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ ராமா, மெமோவா? இருங்கோரீ, பாத்துடலாம்." அவள் தமிழில் கன்னடத்து மரியாதை 'ரீ' இப்படித்தான் வந்து ஒட்டிக்கொள்ளும். அகராதியை ஊஞ்சலில் வைத்து, பக்கத்துக்கு ஒரு தடவை விரலை நனைத்துப் புரட்டினாள்.

"இதோ இருக்கு. நெருங்கிப் பழகுறது. சரிசமமா உக்காந்து பேசுறது. அதுக்கு முன்னாடி ஒரு அர்த்தம் போட்டிருக்கான், பழைய அர்த்தமாம். ரெண்டு பேர் சேந்து குடிக்கறது."

"குடிக்கிறதா? சாராயமா?"

"அவா தேசத்துல வேற என்ன குடிப்பா? கேளுங்கோ, நன்னாருக்கு. மொதல்ல ஒருத்தர் கிண்ணத்தைத் தூக்கி மத்தவரை வாழ்த்திக் குடிப்பாராம். அப்புறம் அவர் தூக்கி இவரை. மாத்தி மாத்தி. ஹாப், நாப்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு நாள் இவர் காசு, மறுநாள் அவர் காசு! வெள்ளைக்காரன் எந்தக் காலத்திலோ எந்தக் குளிரிலோ உட்கார்ந்து செய்த காரியத்தை, என் வீட்டுக்காரர் மைசூர் ஹோட்டல் பெஞ்சில் அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார். இந்த ஊரில் பை-டூ என்று பேர் வைத்ததுதான் வித்தியாசம்.

ரங்கம்மா அகராதியை மூடவில்லை. அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கண் ஜன்னல் பக்கம் போனது. எதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் எனக்கென்று ஒரு டம்ளர் அங்கே இருக்கிறது. நான் போனால் அதில்தான் காப்பி. குடித்ததும் நானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவேன். அவள் வெளியார் முன்னால் எதுவும் குடிக்க மாட்டாள். நான் குடித்து முடிக்கும்வரை பேசிக்கொண்டிருப்பாள். அவள் எங்கள் வீட்டுத் தண்ணீர்கூடத் தொட்டதில்லை. இதில் எனக்கு வருத்தம் கிடையாது. உறையூரில் என் அம்மாவும் வேறு சிலருக்கு இதையேதான் செய்கிறாள்.

"அப்படின்னா நாம ரெண்டு பேரும் ஹாப்நாப் பண்ணினதே இல்லை, இல்லையா?" என்றாள்.

"இல்லைதான்" என்றேன்.

"நாலு வருஷமா தினம் பேசறோமே."

"பேசுறோம்."

அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மறுநாளும் டம்ளர் ஜன்னலில்தான் இருந்தது. நான் அதில் குடித்துவிட்டு, கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வந்தேன்.

5

அர்த்தம் கிடைத்தது. பிரயோகம் பிடிபடவில்லை. ரங்கம்மாவின் கணவர் காலேஜில் இங்கிலீஷ் டியூட்டர். மனைவியின் மூலமாக அவரைக் குடைந்து எடுத்தோம். நான் ஒரு கேள்வி அனுப்புவேன். அவர் சாப்பிடும்போது பதில் வாங்கி வைத்து மறுநாள் சொல்வாள்.

முதல் விஷயம், அந்த வார்த்தையை யாரும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது அபூர்வமாம். மந்திரியோடு நான் பழகுகிறேன், அவன் ஹாப்நாப் செய்கிறான். நான் செய்தால் சிநேகம், எதிர்வீட்டுக்காரன் செய்தால் அதற்கு இந்தப் பேர். இது எனக்கு மிகவும் பிடித்தது. வார்த்தைக்குள்ளேயே மூக்கைச் சுருக்கி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது விஷயம் இன்னும் ருசி. பெரும்பாலும் சின்ன மனிதன் பெரிய மனிதர்களோடு ஒட்டிக்கொண்டு திரிவதைத்தான் அப்படிச் சொல்வார்களாம். இதை இவரிடம் சொன்னதும், மெமோ வந்த நாளிலிருந்து முதல் தடவையாக இவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்படின்னா ஆபீசர் கணக்குப்படி மாதப்பாதான் பெரிய மனுஷன். நான்தான் ஒட்டிக்கிட்டுத் திரியறேன்."

மறுநாள் மாதப்பாவிடம் இதைச் சொல்லியிருக்கிறார். அவர் பெஞ்சிலிருந்தே எழுந்துவிட்டாராம். "நானு தொட்ட மனுஷனா? நான் பெரிய மனுஷனா? ஐயோ ஸார், இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று கும்பிட்டாராம். இவர் சிரிப்புக்காகச் சொன்னது அவரைப் பயமுறுத்திவிட்டது.

நான் அதற்குத் தமிழ் தேடிக்கொண்டிருந்தேன். கூடிக் குலாவுவது என்றால் கொஞ்சம் விரசம். ஒட்டி உறவாடுவது என்றால் பின்னால் ஏதோ காரியம் இருக்கிற மாதிரி. அளவளாவுவது என்று ஒன்று இருக்கிறது. சொல்லிப் பாருங்கள், அதுவும் சத்தத்தில் வேடிக்கையானதுதான். நாக்கு ஊஞ்சலாடிவிட்டுத்தான் இறங்கும். ஆனால் நம்மிடம் அது பாராட்டு. அளவளாவத் தெரியாதவனை நாம் மனிதர்களில் சேர்ப்பதில்லை. ஒருவன் இன்னொருவனோடு உட்கார்ந்து பேசுகிறான், குடிக்கிறான். அதே காரியம் ஒரு பாஷையில் குணம், இன்னொன்றில் மெமோ. எனக்கு இந்த ஆச்சரியம் இன்னும் தீரவில்லை. அந்த ஆபீசருக்கு இரண்டு பாஷையும் தெரியும் என்பதுதான் கூடுதல் ஆச்சரியம்.

அவர் இவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். கோபமாக அல்ல, தமிழிலேயே, நல்லதனமாக.

"நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். ஒரே ஒரு வரி எழுதுங்க. இனிமேல் இது நடக்காதுன்னு. நானும் விட்டுடறேன். உங்க திருச்சி பேப்பர் என் மேசையிலதான் இருக்கு."

ஒரு வரி. அதை எழுதினால் வைகாசிக்குள் நாங்கள் அம்மாவிடம் இருப்போம். எழுதாவிட்டால் இங்கேயேதான்.

6

எழுதிவிடுவார் என்றுதான் நினைத்தேன். எழுதட்டும் என்றும் நினைத்தேன். திருச்சிக்குப் போகப்போகிறவருக்கு மைசூரில் யாரோடு காப்பி குடித்தால் என்ன? மாதப்பாவும் வருத்தப்பட மாட்டார். அம்மாவுக்குக் கண் பரிசோதனை, வள்ளிக்கு நல்ல தமிழ்ப் பள்ளிக்கூடம் என்று மனத்துக்குள் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மதியம் ஆபீஸ் விட்டு வந்தவர் சாப்பிட உட்காரவில்லை.

"மாதப்பா வரலை, குழலி."

"ஆபீசுக்கா?"

"ஆபீசுக்கு வந்தாரு. ஹோட்டலுக்கு வரலை. நான் உள்ள போய் உக்காந்தேன். அவரு எதிர்ல புங்கமரத்துக்கிட்டயே நின்னுட்டாரு. கூப்பிட்டேன். 'நீவு ஹோகி ஸார், நீங்க மட்டும் போங்க, நீங்க ஊருக்குப் போகணும், என்னால கெடக்கூடாது'ங்கறாரு."

"அப்புறம்?"

"ஹோட்டல்காரரு என்னைப் பார்த்ததும் கேக்காமலே வழக்கம்போல ரெண்டு லோட்டா கொண்டாந்து வச்சுட்டாரு. என் பாதியை நான் குடிச்சேன். இன்னொண்ணு அப்படியே ஆறிப்போச்சு. அந்த மனுஷன் வெயில்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாரு."

இவர் அழுகிறவர் இல்லை. அப்பா செத்தபோது என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர். அன்று தலையைக் குனிந்துகொண்டுதான் பேசினார்.

"எழுதித்தான் ஆகணும்னா எழுதிடறேன். உங்கம்மா இருக்காங்க. நீ சொல்லு. நீ சொல்றபடி செய்யறேன்."

எனக்கு நிதானமாக யோசிக்கத் தெரியும். அன்று யோசிக்கவில்லை.

"எழுதாதீங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் அம்மா நினைவு வந்தது. வார்த்தையைத் திரும்பப் பிடித்து வாய்க்குள் போட்டுக்கொள்ளலாமா என்றிருந்தது. இவர் என்னையே பார்த்தார். பிறகு தட்டைப் போடச் சொன்னார்.

திங்கட்கிழமை ஆபீஸ் தொடங்கும் முன்பே விளக்கம் கொடுத்தார். மாதப்பாவோடு காப்பி குடிப்பது உண்மை, ஆபீஸ் நேரத்தில் குடிப்பதில்லை, இனியும் குடிக்க உத்தேசம் என்று மூன்றே வாக்கியம். பணிவுள்ள ஊழியன் மட்டும் வழக்கம்போல அடியில் இருந்தான். கொடுத்துவிட்டு நேரே மரத்தடிக்குப் போய் மாதப்பாவைக் கையைப் பிடித்து ஹோட்டலுக்குள் இழுத்துக்கொண்டு போனாராம். வேறு நடவடிக்கை ஒன்றும் வரவில்லை. சித்திரையில் மாற்றல் உத்தரவுகள் வந்தன. திருச்சி இடம் வேறொருவருக்குப் போயிற்று. அன்று நான் கிணற்றடியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். எழுதாதீங்க என்று சொன்னதற்காக அழவில்லை. சொன்னது சரிதான். சரியானதைச் சொன்னால் அழுகை வராது என்று யார் சொன்னார்கள்?

7

அம்மாவிடம் இதைக் கடிதத்தில் எழுத மனம் வரவில்லை. கோடை விடுமுறையில் வள்ளியை அழைத்துக்கொண்டு உறையூருக்குப் போனேன். போன அன்றே சொல்லிவிட வேண்டும் என்று வழி நெடுக மனப்பாடம் செய்தேன்; இரண்டு நாள் கழித்துத்தான் வாய் வந்தது.

அம்மா கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கண்ணால் அல்ல, விரலால். வள்ளி தெருப் பிள்ளைகளுக்குக் கன்னடத்தில் எண்ணக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த சத்தம் வாசலில் கேட்டது. நான் மெமோவிலிருந்து மாற்றல் போனது வரை எல்லாவற்றையும் சொன்னேன். ஹாப்நாப்பையும் சொன்னேன். எழுத வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்பதையும் மறைக்கவில்லை.

அம்மா கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் அவள் முதலில் கேட்டது நான் கொஞ்சமும் எதிர்பாராதது.

"அந்த ஆபீசரு யாரோடடி காப்பி குடிப்பாரு?"

"தெரியலைம்மா. அவர் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டுத் தனியாத்தான் குடிப்பாராம்."

"தினமுமா?"

"தினமும்."

"பாவம்" என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னையும் இவரையும் அலைக்கழித்தவர் மேல் இத்தனை மாதத்தில் எனக்கு வராத ஒன்று அம்மாவுக்கு ஒரே கேள்வியில் வந்துவிட்டதே என்று நினைத்தேன். பெரிய பாரம் இறங்கிவிட்டது போலிருந்தது. அம்மா கோபித்துக்கொள்ளவில்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆய்ந்த கீரையை முறத்தில் ஒதுக்கிவிட்டு, சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"சரி, கடைத்தெருச் செட்டியாரு பல நாளாக் கேக்கறாரு. நாளைக்கு வந்து பார்க்கச் சொல்லிடறேன்."

"எதைம்மா?"

"பின்கட்டு ரூமைத்தான். உங்களுக்குன்னு வச்சிருந்தேன். வாடகைக்கு விட்டுடலாம்."

அந்த அறைப் பக்கம் நான் போயே வெகு காலம் ஆகிறது. விறகோ பழைய சாமானோ போட்டு வைத்திருப்பாள் என்றுதான் எண்ணியிருந்தேன். போய்க் கதவைத் திறந்தேன். சுவர் நான்கும் புதுச் சுண்ணாம்பு. மூலையில் ஒரு கட்டில், வள்ளி உயரத்துக்கு ஒரு சின்ன மேசை. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்துப் பூட்டி வைப்பாள் என்று எதிர்வீட்டு அக்கா அப்புறம் சொன்னாள்.